200டி கமராவுக்கு எந்த அகலக்கோண லென்ஸ்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "என்னிடம் கெனன் 200டியும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. வீட்டுச் சடங்கு, கோயில் திருவிழா, கடற்கரை எல்லாம் எடுக்கிறேன். பக்கத்தில் நின்றால் எதுவும் முழுதாக உள்ளே வருவதில்லை. நட்சத்திரம் எடுக்கவும் ஆசை. கையில் அதிகம் காசில்லை. கெனன் 10-18 வாங்கவா, டொகினா 11-16 வாங்கவா, அல்லது லென்ஸின் முன்னால் திருகிப் போடும் 0.43 கண்ணாடி போதுமா?"

தம்பி, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பாவித்த கெனன் 10-18 ஒன்றைத் தேடி வாங்குங்கள். (இந்த எண்கள் லென்ஸின் மி.மீ. அளவு, எண் சிறிதாகச் சிறிதாக அகலம் கூடும்.) நட்சத்திர ஆசை உண்மையிலேயே பலமாக இருந்தால் மட்டும் டொகினாவைப் பற்றி யோசியுங்கள். அந்த 0.43 கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "எஃப் 2.8 தான் நல்ல லென்ஸ்" என்ற பேச்சை நம்பி முதலில் டொகினாவை வாங்கியவன் நான். (எஃப் என்பது லென்ஸின் துவார அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட வரும்.) அதை இரண்டு வருடம் தோளில் சுமந்து, பகல் முழுக்க எஃப் 8இல் வைத்தே படமெடுத்தேன். எஃப் 8 என்றால் எந்த லென்ஸுக்கும் எஃப் 8 தான். 2.8க்காகக் கொடுத்த காசு பகலில் பைக்குள் சும்மா கிடந்தது.

முதலில் திருகிப் போடும் கண்ணாடி. 18ஐ 0.43ஆல் பெருக்கினால் எட்டுக்கும் கீழே வருகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் 18-55ஐ வடிவமைத்தவர்கள் அதன் முன்னால் இன்னொரு கண்ணாடி வரும் என்று நினைத்துச் செய்யவில்லை. நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். அங்கிருந்து வெளியே போகப் போக முகம், தூண், தென்னோலை எல்லாம் கரைந்து இழுபடும், மூலைகள் கறுக்கும். அந்த ஓரங்களை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது நீங்கள் தொடங்கிய இடத்துக்குக் கிட்டத்தான்.

இப்போது கணக்கு. உங்கள் கமராவின் சென்சர், அதாவது உள்ளே படம் விழும் தகடு, 22.3 மி.மீ. அகலம். 3 மீற்றர் தூரத்தில் நேரே ஒரு சுவர் இருக்கிறது என்று வையுங்கள். 18 மி.மீ.இல் அந்தச் சுவரில் 3.7 மீற்றர் அகலம் படத்துக்குள் வரும். 12இல் 5.6 மீற்றர், 11இல் 6.1, 10இல் 6.7. எண்கள் சிறிதாகும்போது ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் பெறுமதி கூடுகிறது. 55க்கும் 54க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 11க்கும் 10க்கும் இடையில் 60 சென்ரிமீற்றர், அதாவது ஒரு ஆள் நிற்கிற இடம் இருக்கிறது. சின்ன வீட்டு விறாந்தையில் மணவறை கட்டி, முதுகு சுவரில் முட்ட நின்று எடுக்கும்போது அந்த ஒரு ஆளின் இடம் பெரிய இடம்.

10-18ஐ கெனன் 2014இல் வெளியிட்டது. அதற்கு முன் இந்த வகைக் கமராக்களுக்குக் கெனனிடம் இருந்தது 10-22 தான். 2004இல் வந்த நல்ல லென்ஸ், ஆனால் 385 கிராம், விலையும் கூட. 10-18 வெளிவந்தபோது 300 டொலருக்கு ஒரு டொலர் குறைவு, 10-22இன் பாதி விலையும் இல்லை. எடை 240 கிராம். மவுண்ட், அதாவது கமராவில் மாட்டும் வளையம், பிளாஸ்டிக் என்று பலர் குறை சொல்வார்கள். உங்கள் 18-55இன் மவுண்டும் பிளாஸ்டிக் தான், அது உடைந்தா விட்டது? இவ்வளவு எடை குறைந்த லென்ஸுக்கு அது போதும்.

இதன் உண்மையான பலம் ஐஎஸ், அதாவது நடுக்கம் தாங்கும் வசதி. கோயில் உள்வீதியில் மாலைப் பூசைக்கு நிற்கிறீர்கள். ஸ்டாண்ட் வைக்க இடமில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். 10 மி.மீ.இல் 1/8 செக்கனுக்குக் கையில் பிடித்தே தூணும் விளக்கு வரிசையும் தெளிவாக எடுக்கலாம். மூச்சை அடக்கி 1/4 செக்கனிலும் எனக்குப் படம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஐஎஸ் உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே தாங்கும், நடக்கிறவரை நிறுத்தாது. சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம் வரும்போது, வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்து நிற்கிற குடும்பம் தெளிவாக வரும், சுவாமியைத் தோளில் தாங்கி வருகிறவர்கள் கலங்கி வருவார்கள். சில படங்களுக்கு அந்தக் கலக்கமே அழகு. அழகாக இல்லாத இடத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குச் சென்சரின் உணர்திறனை, 3200க்கு ஏற்றுங்கள், 200டி அதைத் தாங்கும். எங்கேயும் கருவறைப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கும் பக்கங்களையும் விட்டுவிடுங்கள். அகலக்கோணத்தில் நீங்கள் நினைக்காததும் ஓரத்தில் விழுந்துவிடும், அதனால் எடுக்கமுன் நான்கு மூலையையும் ஒருமுறை பாருங்கள்.

இதன் பலவீனம் எஃப் 4.5. 18க்குப் போனால் 5.6. விளக்கு அணைந்த பிறகு இது திணறும்.

அங்கேதான் டொகினா 11-16. முழு நீளத்துக்கும் எஃப் 2.8. 4.5ஐ விட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. நடுப்பகுதி கூர்மையும் எஃப் 4இலிருந்தே மிக நன்றாக இருக்கும், உறுதியான உடம்பு கையில் இரும்பு போல நிற்கும். கல்யாண மண்டபத்தில் ஆட்கள் அசையும்போது அந்த இரண்டரை மடங்கு நேரடியாக உங்களைக் காப்பாற்றும்: 1/25இல் கலங்குகிற கை 1/60இல் நிற்கும்.

ஆனால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று கடலிலிருந்து எழும்பும் சூரியனுக்கு நேரே அதைப் பிடித்துப் பாருங்கள். படத்துக்குக் குறுக்கே பச்சையும் சிவப்புமாக வெளிச்சப் பொட்டுகள் வரிசையாக விழும். பனையோலையும் தென்னோலையும் வானத்தைத் தொடும் விளிம்பில் ஊதாக் கோடு தெரியும். நம் ஊரில் கடல் கிழக்கே. காலைப் படமென்றால் பாதி நேரம் சூரியனை எதிர்த்துத்தான் நிற்போம். இந்த லென்ஸின் மிகப் பெரிய குறை நம் ஊரின் மிக நல்ல வெளிச்சத்தோடு மோதுகிறது. 10-18 இந்த விஷயத்தில் தெளிவாக மேல். இன்னும் மூன்று: டொகினாவுக்கு ஐஎஸ் இல்லை, எடை 550 கிராமுக்குக் குறையாது, 16இல் நின்றுவிடுவதால் அடிக்கடி லென்ஸ் மாற்ற வேண்டும். 10-18 என்றால் உங்கள் 18-55 தொடங்கும் இடத்தில் முடிகிறது, நடுவில் ஓட்டை இல்லை. டொகினா 11-20 அந்த ஓட்டையை அடைக்கிறது, ஆனால் விலையும், லென்ஸின் முன்னால் பூட்டும் பில்டர் கண்ணாடியின் அளவும் இன்னும் ஏறும்.

நட்சத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் முடிவை மாற்றக்கூடியது இது ஒன்றுதான். பால்வீதியின் நடுப்பகுதி சித்திரை பிற்பாதியிலிருந்து இரவு பத்து, பதினொரு மணிக்கு மேல் தென்கிழக்கே கடலுக்கு மேலாக எழும்பி நிற்கும். ஆனி, ஆடியில் இருட்டினதுமே தெரியும். மற்றப் பக்கங்களில் மழை முகில் மூடுகிற அந்த மாதங்களில்தான் நம் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். இதற்கு இதைவிட வாய்ப்பான கரை கிடைக்காது. நிலாவெளியில் ஹோட்டல் வெளிச்சம் கூடிவிட்டது, குச்சவெளிப் பக்கம் இன்னும் இருட்டு மிச்சமிருக்கிறது. நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. லென்ஸின் மி.மீ.ஐ 1.6ஆல் (உங்கள் கமராவின் சின்னச் சென்சருக்கான எண்) பெருக்கி, 500ஐ அதனால் வகுக்க வேண்டும். 10 மி.மீ.க்கு ஏறத்தாழ 31 செக்கன், 11க்கு 28. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வித்தியாசம் முழுவதும் துவாரத்தில்தான். 10-18இல் எஃப் 4.5, 30 செக்கன், ஐஎஸ்ஓ 6400 வைத்தால் பால்வீதி வரும், ஆனால் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். டொகினாவில் ஐஎஸ்ஓவை 3200க்குக் கீழே இறக்கி அதே படத்தை எடுக்கலாம். 10-18 வைத்திருப்பவர் ஒரே இடத்தில் எட்டுப் பத்துப் படம் எடுத்து, அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் மென்பொருளில் போட்டால் அந்தப் புள்ளிகள் பெருமளவு அடங்கும். இலவச மென்பொருள்களே உண்டு. வருடத்தில் நாலைந்து இரவு மட்டும் போகிறவர் என்றால் அந்த வழி போதும். மாதா மாதம் போகிறவர் என்றால் 2.8 வேண்டும்.

அப்படியானவருக்கு மூன்றாவது வழியொன்று இருக்கிறது: சம்யாங். அதன் 10 மி.மீ. எஃப் 2.8 உங்கள் கமராவுக்கு மாட்டும். போக்கஸ் கையால்தான். நட்சத்திரத்துக்கு எப்படியும் கையால்தான் பிடிக்க வேண்டும்: லைவ் வியூவில் (பின்திரையில்) பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெருப்பித்து, அது ஊசிமுனையாகும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் அந்த லென்ஸோடு ஓடித் திரிய முடியாது. சம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8உம் நிறையக் கண்ணில் படும். அது பெரிய சென்சருள்ள புல் ஃபிரேம் கமராவுக்கு அகலம், உங்கள் கமராவில் 14 மட்டுமே. நேர்கோடுகளை மீசை போல வளைக்கும், கட்டடத்துக்கும் தொடுவானத்துக்கும் ஆகாது. சம்யாங் 12 மி.மீ. எஃப் 2 அருமையான லென்ஸ். ஆனால் அது உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்கு மட்டும், 200டிக்கு மாட்டவே மாட்டாது. விளம்பரத்தில் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நிக்கொன் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 10-18க்கு நிகரானது ஏஎஃப்-பி 10-20, 2017இல் வந்தது, 230 கிராம், நடுக்கம் தாங்கும். ஆனால் டி3100, டி3200, டி5100, டி7000, டி90 போன்ற பழைய உடம்புகளில் அது போக்கஸ் ஆகாது. டி3300, டி5300க்கு முதலில் பேர்ம்வேரை (கமராவின் உள் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். பழைய நிக்கொன் என்றால் சிக்மா 10-20 எஃப் 4-5.6ஐப் பாருங்கள், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. டொகினா 11-16இன் முதல் பதிப்பில் நிக்கொனுக்கு மோட்டார் இல்லை, இரண்டாம் பதிப்பில் உண்டு. பெட்டியில் அந்த "இரண்டு" இருக்கிறதா என்று பார்த்தே காசைக் கொடுங்கள். கெனனுக்கு இந்தத் தலையிடி இல்லை, இரண்டு பதிப்பும் வேலை செய்யும்.

மிரர்லெஸ்காரருக்குக் கெனன் ஆர்எஃப்-எஸ் 10-18 இருக்கிறது, 150 கிராம் தான். ஆர்எஃப் 16 எஃப் 2.8ஐ ஏபிஎஸ்-சி (200டி போன்ற சின்னச் சென்சர்) உடம்புக்கு அகலக்கோணம் என்று வாங்கிவிடாதீர்கள், உங்கள் 18க்கும் அதற்கும் அவ்வளவு தூரமில்லை.

யாரும் முதலில் சொல்லாத செலவு பில்டர். 10-18க்கு 67 மி.மீ., டொகினா 11-16க்கு 77, 11-20க்கு 82. சம்யாங் 14இன் முன்கண்ணாடி முட்டை போலப் புடைத்திருப்பதால் சாதாரண பில்டர் போடவே முடியாது. உப்புக் காற்றில் எடுக்கிறவருக்குப் பாதுகாப்புப் பில்டர் தேவை, அளவு ஏற ஏற விலையும் ஏறும். போலரைசர் வாங்கவும் ஆசைப்படுவீர்கள், ஏனென்றால் நிலாவெளித் தண்ணீரின் பளபளப்பை எடுத்துவிட்டு அடியிலுள்ள மணலைக் காட்டும். வாங்குங்கள், ஆனால் 10 மி.மீ.இல் வானத்துக்கு அதைப் பாவிக்க வேண்டாம். போலரைசர் வானத்தைக் கருநீலமாக்குவது சூரியனுக்கு 90 பாகை பக்கத்தில்தான் அதிகம். 10 மி.மீ. பக்கவாட்டில் 96 பாகை வானத்தை உள்ளே எடுக்கிறது. ஆகவே நடுவில் கருநீலத் திட்டும் இரு பக்கமும் வெளிறலுமாக வானம் அழுக்குப் பிடித்தது போல வரும். பிறகு கணினியிலும் அதைச் சரிப்படுத்துவது கடினம்.

லென்ஸ் வந்ததும் முதல் வாரம் எடுக்கிற படங்கள் உங்களுக்குப் பிடிக்காது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலர் அந்த வாரத்திலேயே லென்ஸை விற்றுவிடுகிறார்கள். சுவாமி மலை உச்சியிலிருந்து கடலை 10இல் எடுத்தால் பெரிய நீலப் பலகை ஒன்றும், நடுவில் கடுகளவு படகொன்றும்தான் வரும். அகலக்கோணம் தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும், கிட்ட இருப்பதை மட்டுமே பெருப்பிக்கும். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் எடுக்க நினைத்தால் பின்னால் போகாதீர்கள். ஒரு கிணற்றின் விளிம்பருகே குனிந்து நின்று, அதன் தண்ணீரை முன்னுக்கு வைத்து, மற்ற ஆறையும் பின்னால் விழ விடுங்கள். 10 மி.மீ.இல் எஃப் 8 வைத்து 70 சென்ரிமீற்றருக்கு போக்கஸ் பிடித்தால், 35 சென்ரிமீற்றரிலிருந்து முடிவிலிவரை தெளிவு. கோட்டைக்குள் திரிகிற மான்களுக்கும் இதே வழி: பழகின மான் ஒன்று தானாக அருகே வரும்வரை பொறுத்திருந்தால், மானும் அதன் பின்னால் முழு மரமும் ஒரே படத்தில் கிடைக்கும். துரத்தினால் எதுவும் கிடைக்காது.

கோபுரத்துக்குக் கமராவை மேலே சரித்தால் கோபுரம் பின்னால் சாயும். பத்திரகாளி அம்மன் கோபுரத்தை வீதியின் மறுபக்கத்தில் நின்று, கமராவை நேராகவே பிடித்து, 10இல் எடுங்கள். கீழே நிறையத் தெரு வரும். அதை வீட்டுக்கு வந்து வெட்டிவிடுங்கள், கோபுரம் நிமிர்ந்து நிற்கும். குடும்பப் படத்தில் மட்டும் 10ஐத் தொடாதீர்கள். ஓரத்தில் நிற்பவரின் தலை பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காய் போலாகும். அது வழக்கமாக மாமியோ பெரியம்மாவோ ஆக இருக்கும், படத்தைப் பார்த்து மனம் நோவார்கள். ஆட்களுக்கு 16, 18க்கு வந்துவிடுங்கள், இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

காசு சேரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. உங்கள் 18-55ஐ 18இல் வைத்து, கமராவை நெடுக்காகப் பிடித்து, மூன்றிலொரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி மூன்று படம் எடுத்து ஒட்டினால் 105 பாகை வரும். 10 மி.மீ.ஐ விட அகலம்! எக்ஸ்போஷர், போக்கஸ், நிறச் சமநிலை மூன்றையும் மனுவலில் பூட்டிவிட்டு, கையை வீசாமல் உடம்போடு திரும்புங்கள். உட்துறைமுகத்தை மேட்டிலிருந்து எடுக்க இதுவே போதும். அலையும் ஆளும் அசைகிற இடத்தில் ஒட்டு தெரிந்துவிடும். உங்கள் போனில் 0.5 இருந்தால் அதையும் ஒரு மாதம் பழகுங்கள். பெரும்பாலான போன்களில் அது 10 மி.மீ.ஐ விடச் சற்றே கூடிய அகலம். அந்த மாதத்தில் அதை எத்தனை முறை தொட்டீர்கள் என்பதே லென்ஸ் தேவையா என்று சொல்லிவிடும்.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது நான் ஒருமுறை ஏமாந்தேன். கொழும்பில் ஒரு கடை, வெளியே புதிது போலிருந்தது, அவசரத்தில் வாங்கி இரவு பஸ்ஸில் வந்துவிட்டேன். வீட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். நீங்கள் கடையிலேயே பின்பக்கத்தால் டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். இரண்டொரு தூசி பரவாயில்லை, நூல் போலப் படர்ந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஊருக்குள் வாங்கினால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கடற்கரையில் நின்று தொடுவானத்தைப் படத்தின் சரி நடுவில் வைத்து எஃப் 8இல் எடுங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சரிந்திருக்கிறது, லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது.

வாங்கிய பின் அதைக் காப்பாற்றுவது இங்கே தனி வேலை. வாடை மழைக் காலத்தில் துணிப்பைக்குள் கிடந்தால் ஒரு பருவத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி, இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாத்தூள் வளையங்களுக்குள் போய்விடும். கச்சான் அடிக்கிற நாளில் கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். முன்கண்ணாடியில் உப்புத் துமி பட்டால் சேட்டு நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதி மணலைப் போக்கி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள்.

என்னிடம் 10-18உம் டொகினாவும் இரண்டும் இன்னும் இருக்கின்றன. வாங்கமுன் ஒரு ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோட்டை வாசலுக்கு உங்கள் 200டியோடு வாருங்கள். சூரியன் எழும்பும்போது இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, உங்கள் மெமரி கார்டிலேயே எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஆறுதலாகப் பாருங்கள்.